இறக்கத்தில் கட்டிய கயிறு

கரக் ஊரின் மேற்குத் தெருவில் ரொட்டி வாங்கப் போகும்போது கார் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர் ஹமூத் ஒருவர்தான். மற்றவர்கள் கடைவாசலில் வண்டியை உறுமவிட்டே வரிசையில் நிற்பார்கள். குளிர்காலத்தில் அடுப்புப் புகை எது, வண்டிப் புகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அணைச்சீங்களே அபூ மாஜித், திரும்பக் கிளம்பலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரர், அந்த ஊர் வழக்கப்படி மகன் பேரை வைத்து அவரை அழைத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்.

"கிளம்பாத வண்டியை வெச்சிருக்கிறவன் நடந்துதான் ரொட்டி வாங்கணும்" என்பார் ஹமூத். சிரிக்க மாட்டார். அதனாலேயே வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். கரக்கிலிருந்து சாக்கடல் ஓரத்துப் பொட்டாஷ் ஆலைக்குச் சாமான் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவது வேலை. ஊர் மலைமேல் இருக்கிறது. ஆலை கடல்மட்டத்துக்கும் கீழே. நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத சாலை, அதற்குள் ஆயிரத்து முன்னூறு மீட்டர் இறக்கம். அந்தச் சாலையில் பிரேக் காய்ந்து நாறும் வாசனையை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் காண்பார். ஓய்வு பெற்றபோது பச்சை நிறத்தில் ஒரு பழைய மெர்சிடிஸ் வாங்கினார். ஆட்டோ கியர் வண்டி. இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்ததால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. டயர் காற்றை வெள்ளிக்கிழமைதோறும் பார்ப்பார். டிக்கியில் முக்கோணப் பலகை, தீயணைப்புக் குப்பி, தண்ணீர் கேன் எப்போதும் இருக்கும்.

எண்ணெய் விஷயம் தனி. அங்கே எல்லோரும் எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு எண்ணெயை முற்றத்து மண்ணில் ஊற்றுவார்கள். புழுதி அடங்கும். பக்கத்து வீட்டு அபூ காசிப் அப்படி ஊற்றிய ஒரு வருடம், முதல் மழை அதை அடித்துக்கொண்டு வந்து ஹமூத் வீட்டு மழைநீர்த் தொட்டியில் சேர்த்தது. வாளி நீரின்மேல் வானவில் மிதந்தது. அந்தக் கோடை முழுவதும் அவர் மனைவி ரஸ்மியா டாங்கர் தண்ணீருக்குக் காத்திருந்தாள். ஹமூத் சண்டைக்குப் போகவில்லை. அடுத்தமுறை அபூ காசிப் எண்ணெய் மாற்றும் நாளில் காலி கேனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

"இதுல ஊத்துங்க."

"எதுக்கு? பொரிச்சுத் தின்னப் போறீங்களா?"

"நான் பொரிச்சா உங்களுக்கும் ஒரு தட்டு வரும். ஊத்துங்க."

அப்படி ஆரம்பித்து, பதினோரு வீட்டு எண்ணெய் அவர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேன்களை ஏற்றிக்கொண்டு ஆலைப் பட்டறைக்குப் போவார். அங்கே பழைய சிநேகிதன் ஜிர்யிஸ் ஆலையின் கழிவெண்ணெயோடு அதையும் சேர்த்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பிவைப்பான். இதைப் பெரிய குணம் என்று சொல்லிவிட முடியாது. சொந்தத் தொட்டியில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவன் ஜாக்கிரதையாக இருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு வீட்டுக்காரர்களின் கேலியைச் சுமந்துகொண்டு பதினோரு வீட்டு அழுக்கையும் சுமப்பது கொஞ்சம் அதற்கு மேலே.

ஏப்ரல் மாதத்து ஒரு புதன்கிழமை, நான்கு கேன்களோடு கிளம்பினார். ஊரைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் இறங்கியதும் எஞ்சின் இரண்டுமுறை இருமியது, அணைந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் போய்விட்டது என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் வண்டியும் ஒருநாள் நிற்கும். அதில் யார் குற்றமும் இல்லை.

சாலை கொஞ்சம் அகன்ற இடமாகப் பார்த்து ஓரத்தில் நிறுத்தினார். கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஐம்பது தப்படி மேலே நடந்து முக்கோணப் பலகையை நிறுத்தினார். கரக்கில் வண்டி தூக்கும் வின்ச் வைத்திருப்பவனுக்குப் போன் செய்தார். இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். சரி என்றார். காரைவிட்டுத் தள்ளி ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

இருபது நிமிடத்தில் மேலேயிருந்து ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னால் காலித் தக்காளிப் பெட்டிகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, கதவைத் திறக்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"ஸலாம் ஹாஜி! பாறை மேல உக்காந்து யாருக்குக் காத்திருக்கீங்க? பொண்ணு வீட்டுக்காரங்க வரலையா?"

"வ அலைக்கும் ஸலாம். வின்ச் வருது."

"வின்ச்சா!" அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "என் ரோட்டுல ஒரு மனுஷன் வெயில்ல காயறார். அவரை வின்ச்சுக்காரன் வந்து தூக்கிட்டுப் போகணுமா? கேக்கிறவன் எங்க சனத்தைப் பத்தி என்ன நினைப்பான்? எந்திரிங்க. நான் கலஃப், அபூ ஷாஹிர். கீழ மஸ்ரஆ கிராமத்துல வீடு. கயிறு இருக்கு."

ஹமூத் தன் பேரைச் சொன்னார். பிறகு, "இழுக்கிறதா இருந்தா மேல இழுங்க, அபூ ஷாஹிர். கரக்ல மெக்கானிக் இருக்கார். மேட்டுல கயிறு தளராது" என்றார்.

"மேல எதுக்கு? சோத்து நேரம். இன்னைக்கு வீட்டுல ஆடு. கார் பழுதாகி நிக்கிற மனுஷனைச் சோறு போடாம ஊருக்கு அனுப்பறதா? சாப்பிடுவோம். அப்புறம் என் மச்சான் வந்து வண்டியைப் பாப்பான்."

"இறக்கத்துல கயிறு போட்டு இழுக்கக் கூடாதுங்க. எஞ்சின் ஓடலைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். நீங்க நின்னா நான் நிக்க மாட்டேன்."

"மெதுவாப் போறேன். ஒட்டகம் போற மாதிரி."

"அதுவும் இல்லாம இது ஆட்டோ கியர். இழுத்தா கியர்ப்பெட்டி போயிடும். வின்ச்சுதான் சரி. உங்க நல்ல மனசு போதும், சாப்பிட்ட மாதிரிதான்."

அப்போதுதான் கலஃப் அதைச் சொன்னார். வலது கையை உயர்த்தி, சாலைக்கே கேட்கும்படி: "நீங்க இன்னைக்கு என் வீட்டுல சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

அந்தப் பக்கத்தில் விருந்தாளியின் வாயை அடைக்க ஆண்கள் இப்படிச் சத்தியம் செய்வது உண்டு. மறுத்தால் சொன்னவனுடைய தாம்பத்தியம் மறுத்தவன் தலையில் வந்து விடியும். ஹமூத் அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். பெரும்பாலும் ஒரு கோப்பைக் காபிக்காக. அப்படியும் தயங்கி நின்றார். கலஃப் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏற்கெனவே ரெண்டு ஆயிப்போச்சு ஹாஜி. இது மூணாவது. மூணாவதுக்கு அப்புறம் திரும்பி வர வழி கிடையாது, தெரியுமில்ல? என் குடும்பம் இப்ப உங்க கையில."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது வேடிக்கையா நிஜமா என்று ஹமூத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பெண், கீழே எங்கேயோ ஆட்டிறைச்சி வேகவைத்துக்கொண்டிருப்பவள், அந்த நிமிடத்தில் அவர் கண்முன் வந்து நின்றாள். அவளுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று பிற்பாடு பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தார். அது பாதி உண்மை. அழைத்தவனை அவமானப்படுத்திய ஆள் என்ற பெயர் வரக்கூடாது என்பது மீதிப் பாதி.

மூன்றாவது முறை அவர் மறுக்கவில்லை. வின்ச்சுக்காரனுக்கு அவரே போன் செய்து வரவேண்டாம் என்றார்.

அதன்பிறகு ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தார். கயிற்றின் நீளத்தை எட்டுப் போட்டு அளந்தார். நடுவில் சிவப்புத் துணி கட்டினார். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வைத்தார். நான்கு விளக்கும் மின்னுகின்றனவா என்று பார்த்தார். "ரெண்டாவது கியர்லயே போங்க. வளைவுக்கு முன்னாடி கையை வெளியில நீட்டுங்க, நான் பிரேக் மேல ஏறி நின்னுடறேன். நடுவுல மட்டும் திடீர்னு வேகத்தைக் குறைக்காதீங்க" என்றார். கலஃப் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தவறான ஒரு காரியத்தைச் சரியான முறைகளோடு செய்யும்போது மனதுக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது. அந்த நிம்மதியை நம்பி எத்தனையோ பேர் எங்கெங்கோ போயிருக்கிறார்கள்.

முதல் ஆறு கிலோமீட்டர் பிழையில்லாமல் போனது. பிரேக் பெடல் மரக்கட்டைபோல் இறுகிவிட்டிருந்தது. கயிறு தொய்யாமல் இருக்க ஹமூத் இரண்டு காலையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். தேய்ந்த முழங்கால் வலித்தது. ஏழாவது கிலோமீட்டரில் பிரேக் காயும் அந்த வாசனை வந்தது. ஹாரனை அழுத்தினார். கலஃப் பதிலுக்குக் குஷியாக இரண்டு ஹாரன் அடித்தார்.

அடுத்த வளைவில் மலை விலகுகிறது. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். உப்புக் கடலும், அதன் ஓரம் பிளாஸ்டிக் கூடாரங்கள் போட்ட தக்காளித் தோட்டங்களும். வளைவின் நடுவில் கலஃபின் கை வெளியே வந்தது. ஒரு விரல் கீழே எதையோ காட்டியது. வீட்டைக் காட்டுகிறார். விருந்தாளி நன்றாகப் பார்க்கட்டும் என்று வண்டியையும் மெதுவாக்கினார்.

ஹமூத் பெடலின்மேல் எழுந்தே நின்றுவிட்டார். கார் நிற்கவில்லை. கயிறு தொய்ந்து தரையில் விழுந்ததைப் பார்த்தார். மெர்சிடிஸ் போய்ப் பிக்கப்பின் பின்புறத்தில் இடித்தது. பெரிய இடிகூட இல்லை. சமதரையாக இருந்திருந்தால் இரண்டு பேரும் இறங்கி, பம்பரைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் சமாதானப்படுத்தியிருப்பார்கள். அந்த இடத்தில் அது போதுமானதாக இருந்தது. பிக்கப் முழங்கால் உயரக் கற்சுவரைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. கயிறு விறைத்து, காரைச் சுவர்வரை இழுத்துப் போய், அறுந்தது.

ஹமூத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது டிக்கி பிளந்து கிடந்தது. பதினோரு வீட்டு எண்ணெயும் அரளிச் செடிகளுக்கு நடுவே, ஓடையை நோக்கிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பிக்கப்பின் சக்கரம் ஒன்று இன்னும் சுற்றியது. "அபூ ஷாஹிர்!" என்று கத்தினார். பலமுறை கத்தினார்.

கலஃபை அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஹமூத்தின் உறவுக்காரர்கள் முப்பது பேர், பெரியவர் ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு மஸ்ரஆவுக்குப் போனார்கள். கலஃபின் அண்ணன் ஃபலாஹ் பெரிய கூடாரம் போட்டிருந்தார். காபி ஊற்றினார்கள். வழக்கப்படி பெரியவர் கோப்பையைத் தொடாமல் தரையில் வைத்து, வந்த காரியத்தைச் சொன்னார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள்.

ஃபலாஹ் எழுந்து நின்றார். "உங்க காபியைக் குடிங்க. அல்லாவுக்காக மன்னிச்சோம். நபிக்காக மன்னிச்சோம். எங்க வாசலுக்கு வந்த உங்க எல்லாருக்காகவும் மன்னிச்சோம். என் தம்பி விருந்தாளியைக் கூட்டிட்டு வர்ற வழியில போனான். அது அவன் விதி. இந்த மனுஷன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லை."

"அப்படி இல்லைங்க, நான்..." என்று ஹமூத் எழப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெரியவர் அவர் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். "வாயை மூடிட்டு உக்காரு. கிடைச்சதைக் கெடுக்காதே" என்று பல்லிடுக்கில் சொன்னார். காபி ஆறியிருந்தது. எல்லோரும் குடித்தார்கள். ஃபலாஹ் வந்து ஹமூத்தின் நெற்றியில் முத்தமிட்டார்.

வீடு திரும்பி இரண்டு நாள் ஆயிற்று. ரஸ்மியாதான் கேட்டாள்: "மன்னிச்சுட்டாங்கன்னு ஊரே சொல்லுது. உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எதை மன்னிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

"அல்லா எழுதினதை மாத்த முடியுமா?"

"எழுதினது இருக்கட்டும் ரஸ்மியா. வின்ச் வரவேணாம்னு போன் பண்ணினது யாரு?"

விதி என்ற சொல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. தான் நின்றிருந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, தன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் அவருடைய குறை. தெரியாமல் செய்தவனுக்குக் கொடுக்கும் மன்னிப்பு அது. அவருக்குத் தெரிந்திருந்தது.

போலீஸார் காரைத் திருப்பிக் கொடுத்தபோது பழைய இரும்புக்காரன் வந்து நின்றான். ஒரு கையைத் தொட்டில்போல் கட்டிக்கொண்டு, ஹமூத் காருக்கு அடியில் படுத்தார். மிச்சமிருந்த எண்ணெய், பிரேக் திரவம், ரேடியேட்டர் நீர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேனில் வடித்தார். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாயங்காலம்வரை ஆயிற்று. "செத்த வண்டிக்கு எதுக்கு ஹாஜி இவ்வளவு?" என்றான் இரும்புக்காரன். அபூ காசிப் வந்து, கேலி ஒன்றும் சொல்லாமல், புனலைப் பிடித்துக்கொண்டார்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காக்கவேண்டும். அதுவரை ஹமூத் நாட்களை எண்ணினார். ரஸ்மியாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு காலையில் பஸ் ஏறி மஸ்ரஆவுக்குப் போனார்.

ஃபலாஹ் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். தம்பி மனைவியைப் பார்க்க வேண்டும் என்றதும் யோசித்தார். பிறகு தோட்டத்து ஓரத்துக்கு அழைத்துப் போய், தானும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். வத்ஹா தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை, வெயிலில் காய்ந்த முகம். கையை நிறுத்தவில்லை.

"உம் ஷாஹிர், நான்தான் அந்தக் காருக்காரன்" என்றார் ஹமூத்.

"தெரியும். எல்லாரும் வந்து விதின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்க சொல்றதுதான் பாக்கி."

"நான் அதைச் சொல்ல வரலை." அவர் நின்றபடியே சொன்னார். "இந்த ரோட்டுல இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டினவன் நான். எஞ்சின் நின்ன வண்டியைக் கயிறு கட்டி இறக்கத்துல இழுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ரெண்டு தடவை வேணாம்னு சொன்னேன். மூணாவது தடவை சொல்லலை."

அவள் கை நின்றது. "ஏன் சொல்லலை?"

ஹமூத் ஃபலாஹைப் பார்த்தார். ஃபலாஹ் தரையைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணிட்டார்."

"என் மேலயா? தலாக்னா?"

"ஆமா. ஏற்கெனவே ரெண்டு ஆயிடுச்சு, இது மூணாவதுன்னார். உங்க குடும்பம் உடைஞ்சிடக் கூடாதுன்னு..."

வத்ஹா சிரித்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். "ஹாஜி, அந்த மனுஷன் உரக்காரனுக்கு டீ கொடுக்கக்கூட என்னைத் தலாக் பண்ணுவார். மூணாவது மூணாவதுன்னு முப்பது தடவை சொல்லிருப்பார். ஒவ்வொரு தடவையும் பள்ளிவாசல் ஷேக்கிட்ட ஓடி, சும்மா வாய்ப்பேச்சுன்னு சொல்லி, பரிகாரமா பத்து ஏழைக்கு ஆக்கிப் போட்டது நான்தான். அன்னைக்கு நீங்க மாட்டேன்னு போயிருந்தா, இன்னும் பத்துப் பேருக்கு அரிசி போட்டிருப்பேன். அவ்வளவுதான்." அவள் குரல் அங்கே உடைந்தது. "பத்துப் பேருக்கு அரிசி, ஹாஜி."

ஹமூத் வரப்பில் உட்கார்ந்தார்.

"வத்ஹா, பேச்சை விடும்மா" என்றார் ஃபலாஹ். "நாங்க மன்னிச்சாச்சு. காபி குடிச்சாச்சு."

"நீங்க மன்னிச்சீங்க, மச்சான். உங்க தம்பிக்காக. உங்க காபி. என்னை யாரு கேட்டீங்க?" அவள் ஹமூத்தின் பக்கம் திரும்பினாள். "நான் உங்களை மன்னிக்கலை. அவரையும் மன்னிக்கலை. வாய்க்கு வந்ததைச் சத்தியம்னு சொல்ற ஆளு அவர். தெரிஞ்சிருந்தும் வாயை மூடிக்கிட்ட ஆளு நீங்க. ரெண்டு பேரும் மரியாதை பாத்தீங்க. யாரோட தலையில விடிஞ்சுது பாருங்க."

"ஆமா" என்றார் ஹமூத்.

அவர் மறுக்காதது அவளைக் கொஞ்சம் தடுமாறவைத்தது. துப்பட்டியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறொரு குரலில் பேசினாள். "நாலு மாசமா எப்படிச் செத்தார்னு கேக்கறேன். எல்லாரும் வாயை அடைக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்ன காரணம்னு ஒண்ணைச் சொன்னீங்க. அதை என்கிட்ட இறக்கி வெச்சுட்டு லேசாப் போயிடலாம்னு நினைக்காதீங்க. நீங்களும் வெச்சுக்குங்க."

"வெச்சுக்கறேன், உம் ஷாஹிர்."

"சரி. போங்க. பஸ் வர்ற நேரம்."

ஃபலாஹ் சாலைவரை கூட வந்தார். சாப்பிட்டுப் போகச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். பஸ் வந்ததும் ஹமூத் ஏறி, வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேலே ஏற ஏற எஞ்சின் முனகியது. முன் வரிசையில் யாரோ தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைவில் கற்சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். முன்பு இருந்த அதே உயரம்தான். சரிவில் அரளிகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை ஓடைவரை போயிருந்தது. அங்கே எதுவும் முளைத்திருக்கவில்லை. பஸ் திரும்பி, மலை அதை மறைக்கும்வரை ஹமூத் பார்த்துக்கொண்டிருந்தார்.